காலைப் பின்னிக்கொண்டு தும்மியவர்கள்

சாக்கைக் காப்பிச் செடி நிரையின் முனையில் இறக்கி வைத்தேன். வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினேன். பிறகு அதன் பக்கத்திலேயே, ஈர மண்ணில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

மார்கழிப் பனி அன்று மத்தியானமே இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு உச்சியே இல்லை. விரலெல்லாம் காப்பிப் பழத்தின் பிசின் ஒட்டிக் கறுத்து, கீறல் பட்ட இடங்களில் எரிந்தது. மேட்டுக்கு மேலே பழம் அரைக்கிற மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே கொண்டுபோய்ச் சாக்கைத் தராசில் வைத்து, கணக்கு எழுதும் ரைட்டர் பேரைச் சொல்லி எடையைச் சொன்னால்தான் அன்றைய வேலை முடிந்ததாக அர்த்தம்.

எங்கள் எஸ்டேட்டில் பறித்தவள்தான் சுமக்க வேண்டும். எப்போதோ யாருடைய சாக்கு யாருடையது என்று பெரிய அடிதடி நடந்து, அதிலிருந்து வந்த சட்டம் அது. தலையில் ஏற்றிவிட மட்டும் இன்னொருத்தி கை கொடுக்கலாம். பக்கத்து லைன் வீட்டு ராசாத்தி வழக்கம்போல என் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திரு என்றாள். நான் எழவில்லை. இன்றைக்கு நான் தூக்கப் போவதில்லை என்று சொன்னேன்.

ஏழெட்டுப் பெண்கள் அப்படியே நின்றார்கள். அதில் என் மாமியார் நல்லம்மாவும் ஒருவர். அவர் தலையில் ஏற்கெனவே சாக்கு ஏறியிருந்தது. குனிய முடியாமல் கண்ணை மட்டும் இறக்கி என்னைப் பார்த்தார். இந்தக் கழுதை இன்றைக்கு என்ன செய்யப் போகிறதோ என்ற பயம் அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்தப் பயத்துக்கு அவரிடம் காரணம் இருந்தது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்க்க நான் அவர் மானத்தை ஒருமுறை வாங்கியிருந்தேன்.

சேய் நலம்

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் மூத்த மகள் பிறந்ததோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர் ஒருவர் கடைவீதியில் மடக்கி, தாயும் சேயும் நலம் என்று நல்லபடியாக முடித்துவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம் என்றார். நான் அப்படி எழுதவே இல்லை. அவராக முடித்துக்கொண்டார்.

சேய் நலம்தான். இன்றைக்கும் நலமாக இருந்துகொண்டு என்னைப் போனில் அதட்டுகிறது. தாயைப் பற்றித்தான் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற சமாச்சாரமா என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த வாரம் சமையல் பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்கு வருத்தம் இல்லை.

எஸ்டேட் ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லைனில் அதுவரை எல்லாருக்கும் வீட்டிலேயே பிரசவம். ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றவள் நான்தான் முதல். தலை வெளியே வராமல் நின்றுவிட்டதால் கீழே கொஞ்சம் வெட்டி, பிள்ளையை எடுத்து, தையல் போட்டார்கள். வலியைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை வந்த பிறகு இருக்கிற வலியைப் பற்றித்தான் ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. முதல் முறை ஒன்றுக்குப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு என் அம்மாவையும் அப்பாவையும் அவர்களைப் பெற்றவர்களையும் திட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் நாலு விஷயம் சொன்னார். தையல் ஆறும்வரை குந்தி உட்காராதே. தண்ணீர் நிறையக் குடி, இல்லாவிட்டால் மலம் இறுகித் தையல் பிரியும். மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்காதே. அப்புறம், ஒன்றுக்குப் போவதைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி அடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து விடு, அது பழையபடி கெட்டிப்படும் என்றார். கடைசியில் சொன்னதைக் கேட்டதும் என் மாமியார் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

காலியாக வந்த சீட்

தலைச்சோலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். சந்தை நாள். கூடை, கோழி, வாழைத்தார், ஆள் என்று எள் விழ இடமில்லை. கைக்குழந்தையோடு ஏறிய என்னைப் பார்த்ததும் ஒரு மலைக்காரப் பெரியவர் சட்டென்று எழுந்து தன் இடத்தைக் காட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லைங்க, நிற்கிறேன் என்றேன்.

நம் ஊரில் மரியாதை என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் லேசில் விடமாட்டார். அவர் இன்னொரு முறை சொன்னார். கண்டக்டர் சொன்னார். பின்னால் இருந்த அம்மாள், பச்சை உடம்புக்காரி நிற்கலாமா என்று என் தோளைப் பிடித்து அமுக்கினார். நான் அமுங்கவில்லை. பெரியவரின் முகம் மாறியது. எங்கள் குடும்பம் சமவெளியிலிருந்து பிழைக்க வந்து எஸ்டேட் லைனில் கிடக்கிற குடும்பம். அவர் தலைமுறை தலைமுறையாக மலையில் நிலம் வைத்திருப்பவர். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார எனக்கு என்னவோ மனத்தடை என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நாங்க உக்காந்த எடத்துல நீங்க உக்காரக் கூடாதுங்களா?" என்றார். 

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, உட்கார்ந்து தொலை என்றார். உட்கார்ந்து தொலைத்தால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தையல் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு நிமிஷம் அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் இந்த வரிசைதான்.

"அப்படி எல்லாம் இல்லீங்க. எனக்கு அடியில தையல் போட்டிருக்குதுங்க. உக்காந்தா பிரிஞ்சுருமுங்க."

 கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்தார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் மெல்ல, "அப்படிங்களா கண்ணு" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரும் உட்காரவில்லை. வேறு யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நெரிசலிலும் எங்கள் ஊர் வரும்வரை அந்த ஒரு சீட் காலியாகவே வந்தது.

பிள்ளை பெற்றவள் பேசக் கூடாத வார்த்தையைப் பேசிவிட்டாள் என்று என் மாமியார் சில நாள் புலம்பினார். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து பெற்றவர். மருமகளாக வந்த என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர். ஆனால் உடம்பில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருப்பது எதற்கும் அவரிடம் பெயர் கிடையாது.

தண்ணீர்ச் சண்டை

வீட்டில் பத்தியம் ஆரம்பித்தது. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. காய் கிடையாது, பழம் கிடையாது. முக்கியமாகத் தண்ணீர் கிடையாது. பச்சை உடம்பு தண்ணீரைக் குடித்தால் வயிறு ஊதிப்போய் அப்படியே நின்றுவிடும் என்பது லைன் முழுக்க உள்ள நம்பிக்கை. நாக்கை நனைக்க ஒரு மடக்கு வெந்நீர் கிடைக்கும்.

விளைவு என்ன என்று விவரிக்க வேண்டாம். தையல் போட்ட இடத்தோடு, மலம் இறுகி, லைனுக்குப் பின்னால் புதர் மறைவில், மழையில் குந்தியிருந்த காலைப்பொழுதுகளை என்னோடு வைத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாவது நாள் குடத்தின் முன்னால் போய் நின்று, எல்லாரும் பார்க்க, ஒரு செம்பு தண்ணீரை நிற்காமல் குடித்தேன். மாமியார் கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு ஊதினால் என் வயிறுதானே அத்தை என்றேன். ஊதவில்லை. மாறாக அடுத்த நாள் காலையில் கடவுள் இருக்கிறார் என்று தோன்றியது.

அடுத்தது குளியல். மனையில் குந்தவைத்து, கொதிக்கக் கொதிக்க வேப்பிலைத் தண்ணீரை இடுப்பில் ஓங்கி அடித்து ஊற்றுவார்கள். வீட்டில் பெற்ற உடம்புக்கு அது சுகமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரித் தையலோடு அந்த லைனுக்கு வந்த முதல் உடம்பு என்னுடையது, அதை எப்படிக் குளிப்பாட்டுவது என்று யாருக்கும் தெரியாது. நான் குந்த மாட்டேன், நின்றுகொண்டுதான் குளிப்பேன் என்றேன். ராசாத்தியும் மாமியாரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற கோலத்தில் ஊற்றினார்கள். என் மாமியார் குள்ளம். என் இடுப்புக்கு அடித்து ஊற்ற வேண்டும் என்று அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று ஊற்றினார். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மூன்று வாரத்தில் தையல் ஆறியது. ஆறிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்தேன்.

தும்மல்

இங்கே ஒரு பழைய கதை. நான் பிறந்தது அதே மலையில், செம்மநத்தம் பக்கம் இன்னொரு எஸ்டேட் லைனில். பனிக்காலத்தில் மலையே தும்மும், இருமும். எங்கள் லைன் பெண்கள் தும்முவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தும்மல் வருவது தெரிந்ததும் நடப்பதை நிறுத்துவார்கள். ஒரு காலை இன்னொரு காலின் மேல் பின்னிக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கிற செடியையோ தூணையோ பிடித்துக்கொள்வார்கள். பிறகுதான் தும்முவார்கள். இருமல் என்றால் சட்டென்று குந்திவிடுவார்கள்.

பெரிய பெண்கள் இப்படித்தான் நாகரிகமாகத் தும்ம வேண்டும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சொப்பு வைத்து விளையாடும்போது நான்தான் அம்மா வேஷம். சேலை என்று துண்டைச் சுற்றிக்கொண்டு, காலைப் பின்னி, தூணைப் பிடித்து, "அச்" என்று தும்மிக் காட்டுவேன். ஒருநாள் என் அம்மா அதைப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தார். ஏன் அடித்தார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொன்று விழும்.

கார்த்திகையில் பிரசவ லீவு முடிந்து பழம் பறிக்கப் போனேன். பிள்ளையைப் பிள்ளைகள் விடும் கொட்டகையில் ஆயாவிடம் விட்டுவிட்டு, முதல் நாள் நிரையில் நின்று பறித்துக்கொண்டிருக்கும்போது தும்மல் வந்தது. தும்மினேன். தொடை நனைந்தது.

அப்படியே நின்றேன். பக்கத்து நிரையில் ராசாத்தி, அதற்கு அடுத்ததில் என் மாமியார். என் கண்முன்னால் அந்த ஒரு நொடியில் என் அம்மா, சித்தி, லைன் முழுக்க இருந்த அத்தனை பெண்களும் தூணைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இவர்கள் யாரும் நாகரிகமாகத் தும்மவில்லை. இவர்கள் எல்லாருக்கும் ஒழுகியிருக்கிறது. எல்லாரும் அதைத் தங்களோடு வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி தும்மப் பழகியிருக்கிறார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. கண்மண் தெரியாத கோபம்தான் வந்தது.

அடியில் ஒரு கனம்

அப்படியும் சில வாரம் சாக்கைச் சுமந்தேன். எல்லாரும் சுமக்கிறார்களே, நான் மட்டும் எப்படி என்று ஒரு கூச்சம். நர்ஸ் சொன்ன மூன்று மாதம் முடியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

ஒரு சாயங்காலம் மேட்டில் பாதி ஏறும்போது அடியில் ஏதோ நழுவிக் கீழே வந்து உட்கார்ந்தது. வலி இல்லை. ஒரு கனம். வீட்டுக்குப் போய்க் கழுவும்போது கையில் தட்டுப்பட்டது. இருக்கக் கூடாத இடத்தில், உருண்டையாக, மெத்தென்று. 

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். அதே நர்ஸ் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, கர்ப்பப்பை இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். "இப்ப நிறுத்தினா ஏறிடும்மா. தொடர்ந்து தூக்கினா ஆயுசுக்கும் இதோடதான் நடக்கணும்." அந்த இறுக்கிப் பிடிக்கிற பயிற்சியைச் செய்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். செய் என்றார்.

திரும்பி வரும் வழியில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செடிகளைக் கவாத்து வெட்டும் கூட்டத்தில் வேலை செய்தவர், மென்மையான மனிதர். சாயங்காலம் நான் வந்து உன் சாக்கைத் தூக்கிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் தூக்கினால் அது எங்கள் வீட்டு விஷயமாகிவிடும். பொண்டாட்டிதாசன் என்று நாலு பேர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு இப்படி ஆனதற்கு எங்கள் வீடு காரணம் இல்லையே.

மறுநாளிலிருந்து ஒரு செடிக்கு ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போனேன். அந்த முதல் நாள் சாயங்காலம்தான், ஆரம்பத்தில் சொன்னபடி, சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேஸ்திரி சுமந்த சாக்கு

ராசாத்தி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கக்கத்தில் குடை. என்ன புள்ள, உடம்பு சரியில்லையா என்று நல்லபடியாகத்தான் கேட்டார். நான் காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்பு, பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாளைக்குப் பறிக்கிறேன், சுமக்க மாட்டேன் என்றேன்.

அவர் சிரித்தார். சாக்குச் சுமந்த பெண்களை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏன், இவங்கெல்லாம் பெக்கலையா? இவங்க தூக்கலையா? உனக்கு மட்டும் என்ன தங்கத்துல செஞ்ச உடம்பா?"

இந்தக் கேள்வியைப் பிறகு வாழ்க்கையில் வேறு வேறு வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இவங்கெல்லாம் எப்படித் தும்முறாங்கன்னு பாத்திருக்கீங்களா மேஸ்திரி? காலப் பின்னிக்கிட்டு, செடியப் புடிச்சுக்கிட்டு. ஏன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? தூக்கித் தூக்கித்தானுங்க அப்படி ஆச்சு. நான் அப்படி ஆக மாட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குடையைத் திறந்தார், மழையே இல்லை. ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை. பெண்களைப் பார்த்தேன். ஒருத்தியாவது ஆமாம் என்பாள் என்று நினைத்தேன். அத்தனை பேரும் தலையில் சாக்கோடு என்னைத் தாண்டி மேட்டில் ஏறினார்கள். என் மாமியார் எல்லாருக்கும் முன்னால் போனார்.

நான் வெறுங்கையோடு பின்னால் ஏறினேன். சாக்கு அங்கேயே கிடந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பறித்த பழத்தை அன்றைக்கே அரைக்க வேண்டும். சாக்கில் ராத்தங்கினால் புளித்துப்போய்க் கள் வாடை அடிக்கும், அந்தச் சாக்கு மொத்தச் சரக்கையும் கெடுக்கும், கேள்வி மேஸ்திரியிடம் வரும். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு லைனுக்குத் திரும்பும்போது அவர் என் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியபடி மேடேறி வந்தார். வெள்ளைச் சட்டையில் முதுகெல்லாம் பழச்சாறு.

சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

வீட்டில்தான் அது கரைந்தது. மாமியார் தட்டை வைத்தார், சோற்றைப் போட்டார். கழுவி வைத்துவிட்டு அடுப்படியிலிருந்தே சொன்னார்.

"ஆம்பளை முன்னாடி எல்லாப் பொம்பளைக்கும் சேர்த்துச் சேலையைத் தூக்கிட்டயே கண்ணு. உனக்கு மட்டும் தூக்கியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

  நான் சொன்னது உண்மை. அது என் உண்மை மட்டும் இல்லை, அவர்களுடையதும்கூட. அவர்களைக் கேட்காமல் எடுத்துச் செலவழித்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு இல்லை. ஆனால் கேட்டிருந்தால் யார் தந்திருப்பார்கள்?

பேச்சில்லாத நாட்கள்

அதற்கப்புறம் லைனில் யாரும் என்னோடு பேசவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். ராசாத்தி என்னைக் கண்டால் பிள்ளையை மட்டும் கொஞ்சிவிட்டுப் போவாள். நிரையில் தும்மல் வந்தால் எல்லாரும் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலைப் பின்னாமல், அடக்கி, முகம் சிவந்து தும்மினார்கள். அதைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருந்தது.

மேஸ்திரி எனக்கு ஓடைப் பக்கத்துச் சரிவு நிரையாகப் பார்த்துக் கொடுத்தார். பறித்தேன். சாயங்காலம் சாக்கைக் கட்டி நிரை முனையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனேன். முதல் நாளுக்குப் பிறகு அவர் தானே தூக்கவில்லை, மெஷின் வீட்டு ஆள் ஒருவரை முனகிக்கொண்டே அனுப்பினார். அவர் தோற்பதை எல்லாரும் தினமும் பார்த்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். வீட்டின் பின்புறக் கொடியில், துவைத்த துண்டுக்கு அடியில் மறைத்து, பழைய சேலைத் துணியை உருண்டையாகச் சுருட்டித் தைத்த ஒரு பொதி காய்ந்துகொண்டிருந்தது. மாமியாருக்கு மாதத் தூரம் நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை நிறைய இருந்தது. அதன் அளவைப் பார்த்ததும், எனக்கு இறங்க ஆரம்பித்தது அவருக்கு முழுக்க இறங்கியிருக்கிறது, அதைத்தான் இது தாங்குகிறது என்று தெரிந்துவிட்டது. எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஒருமுறை கேட்காமல் எடுத்ததே போதும் என்று இருந்தது.

எனக்கோ கனம் குறைந்துகொண்டு வந்தது. கையில் தட்டுப்படுவது நின்றது. ஒருநாள் பனியில் நின்று, காலை அகட்டி வைத்து, வேண்டுமென்றே மூக்கைக் குடைந்து தும்மிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கத்தலாம் போல இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இன்றைக்கும் நான் நேராக நின்றுதான் தும்முகிறேன், கொஞ்சம் சத்தமாகவே.

அந்தச் சாயங்காலம்

தை பிறப்பதற்கு முன்னால் ஒருநாள். சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி வந்து நிரை முனையில் நின்றார். குரலை உயர்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இன்றைக்கு நான் சாக்கை நானே கொண்டுவந்து தராசில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலையில் என் பேரைக் கூப்பிட மாட்டார். பேர் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லாதவளுக்கு லைனில் என்ன வேலை என்று எஸ்டேட் துரை கேட்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது.

அதே எஸ்டேட்டில் வேலை செய்கிற என் கணவருக்குக் கொடுத்த வீட்டில் நான் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அந்த வயதில் அது தோன்றவில்லை.  பிள்ளை, வீடு, என் கணவருடைய வேலை எல்லாம் கண் முன்னால் வந்தது. நர்ஸ் சொன்ன கெடு முடியச் சில நாள்தான் பாக்கி. தூக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சாக்கின் மேல் கைகூட வைத்தேன்.

பிறகு கையை எடுத்துக்கொண்டேன். நாளைக்குக் கூப்பிடாவிட்டால் போகிறது, இன்றைக்குத் தூக்க மாட்டேன் என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராசாத்தி என் மாமியாரின் சாக்கை ஏற்றிவிட அதன் முனையைப் பிடித்தாள். மாமியார் குனியவில்லை. ராசாத்தியின் கையை மெல்ல எடுத்துவிட்டார். தன் சாக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, என் சாக்கை ஒட்டி வைத்தார்.

மேஸ்திரிக்கு அவரை அக்கா என்று கூப்பிடுகிற பழக்கம். "நீ எதுக்குக்கா எறக்கற? உம் மருமகதான பிள்ளை பெத்தவ?"

என் மாமியார் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். ஆண்கள் முகத்தை அவர் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"இவ புருசனைப் பெத்த உடம்புங்க இது. அவனுக்கே பிள்ளை பொறந்தாச்சு. எனக்கு இன்னும் தேறலைங்க."

  மாமியார் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "வா, புள்ள பாலுக்கு அழுவும்" என்று சொல்லி, வெறுங்கையை வீசி எனக்கு முன்னால் மேட்டில் ஏறினார்.